பத்து நிமிட வெட்டுக்கு ஒரு மணி நேர ஓய்வு

என்ன ஆனாலும் இன்றைக்கு வேலிச்செடி வெட்டுவதில்லை என்று காலையிலேயே முடிவெடுத்துவிட்டேன். மூன்று மணிக்கு டிவியில் ஃபுட்பால் இறுதிப் போட்டி. நம்ம டீம் இறுதிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது.

இதை மனைவியிடம் நேராகச் சொல்லும் தைரியம் கல்யாணத்தன்றே போய்விட்டது. அதனால் செடி வெட்டும் மெஷினோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். பதினொன்றாம் பக்கத்தில் கடவுள் இருந்தார். 'மெஷினின் அதிர்வு விரல்களைப் பாதிக்கும். இறுக்கிப் பிடிக்காதீர்கள். அடிக்கடி ஓய்வு எடுங்கள்.'

பத்தே நிமிடம் வெட்டினேன். ஒரு மணிக்கு உள்ளே போய், ஆடுகிற கையால் தண்ணீர் குடித்தேன். பாதியைச் சட்டை குடித்தது.

"என்னங்க, கை இப்படி ஆடுது?"

"எல்லாம் மெஷின் அதிர்வு. விட்டா விரல் மரத்துப் போயிடும். பத்து நிமிஷம் வெட்டினா ஒரு மணி நேரம் ஓய்வுன்னு புக்ல போட்டிருக்கான்."

"ஒரு மணி நேரமா!"

"ஆமா. பாத்திரம்கூடத் தொடக் கூடாது."

மணிக்கணக்கும் பாத்திரமும் என் சொந்தச் சரக்கு. அவள் கையேட்டை வாங்கிப் பார்த்தாள். 

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். போய்ப் படுங்க."

இவ்வளவு சுலபமாக அவள் எதையும் ஒத்துக்கொண்டதே இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். மக்கு மாதிரி சோபாவில் சாய்ந்தேன், தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேலிச்செடி, சலூனுக்குப் போய் வந்ததுபோல் ஒரே சீராக நின்றது. மனைவி கையுறையைக் கழற்றியபடி வந்து, என் காலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, ரிமோட்டை எடுத்தாள்.

"நீயா வெட்டினே?"

"நானேதான். இறுக்கிப் பிடிக்காம, விட்டு விட்டு, பத்துப் பத்து நிமிஷமா நாலு தடவை. இனி எனக்கு நாலு மணி நேரம் ஓய்வு."

"அது வந்து..."

"பாத்திரம்கூடத் தொடக் கூடாதாமே! எல்லாம் சிங்க்ல கிடக்கு. துணி ஊறுது. ராத்திரிக்குக் காய் நறுக்கணும்."

"எனக்கும் கை ஆடுதே!"

"உங்க ஒரு மணி நேரம் ரெண்டு மணிக்கே முடிஞ்சுபோச்சுங்க."

சிங்க்கில் கை வைத்தேன். ஹாலில் ஒரே கூச்சல்.

"யாரு கோல் போட்டது?" என்று கத்தினேன்.

"நம்ம ஆளுதான்! ஐயோ, நீங்க பாத்திருக்கணும்!"

அழுகையே வந்துவிட்டது. அடுத்த தட்டை எடுத்தேன்.

"அப்புறம், என்னங்க," என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. "அடுத்த ஞாயிறு எதிர்வீட்டு வேலிச்செடியையும் நானே வெட்டித் தரேன்னு சொல்லிட்டேன்!"