தேர்ச்சியை ரத்து செய்யக் கோரி

மாலைநேரக் கல்வி மையத்தின் நிர்வாகியும், என் மறைந்த மனைவியின் உடன்பிறந்த தம்பியுமாகிய தங்களுக்கு,

தாங்களும் வீட்டில் உள்ளோரும் நலமென்று நம்புகிறேன். இங்கு நானும் நலம். நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்பதால், மற்றவர்கள் நலமா என்று எழுத இடமில்லை. இந்தக் கடிதத்தை மைத்துனராகப் படிக்காமல் நிர்வாகியாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வேண்டியவருக்குச் சலுகை என்று நாலு பேர் பேசிவிடக் கூடாதென்று, மையத்தில் என்னை எதிரே பார்த்தால் ‘வணக்கம் ஐயா’ என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடியேறிவிடுகிறீர்களே, அந்த நேர்மையை நம்பித்தான் எழுதுகிறேன். விஷயம் இதுதான். தொடக்க நிலை இயற்கணிதத் தேர்வில் நான் தேறிவிட்டதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். இது எனக்கு இழைக்கப்பட்ட அநீதி. உடனே ரத்து செய்து, என்னைப் பழைய பெஞ்சிலேயே உட்கார வைக்க வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இயக்கியவன் என்பது தங்களுக்குத் தெரியும். வகுப்பில் சேர்ந்த புதிதில் கணக்கு வாத்தியார் பலகையில் கோடுகளாகப் போட்டுத் தள்ளினார். மேலே ஏறும் கோட்டுக்குச் சாய்வு கூட்டல், இறங்கும் கோட்டுக்குக் கழித்தல், படுத்திருக்கும் கோட்டுக்குப் பூஜ்யம் என்றார், சரி என்று கேட்டுக்கொண்டேன். கடைசியில் நெட்டுக்குத்தாக ஒன்றைப் போட்டு, இதற்கு மட்டும் சாய்வே சொல்ல முடியாது என்றாரே பார்க்கலாம், எனக்குச் சுருக்கென்றது. எழுந்துவிட்டேன். “சார், வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து நான் போனதும் வந்ததும் அந்தக் கோட்டுலதான். படுத்துக் கெடக்கறவனுக்குக்கூட ஒரு பூஜ்யம் உண்டு, எனக்கு அதுவும் இல்லையா?” என்று கேட்டேன். பக்கத்திலிருந்த பேக்கரி மாஸ்டர் சிரித்துப் புரையேறி, அவர் தலையைத் தட்டவே நாலு பேர் வேண்டியிருந்தது. வாத்தியார் சின்னப் பையன், பாவம், வெலவெலத்துப்போய், “ஐயா, மதிப்பில்லன்னு சொல்லல, சொல்லி முடியாதுன்னுதான் சொல்றேன்” என்றார். அந்தப் பதிலில் குளிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே ஒரு கணக்கில் கழித்தல் குறியை விட்டுவிட்டேன். அது நிஜமான தவறு. மறுபக்கம் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா எட்டிப் பார்த்து, “அண்ணே, தப்பு. மைனஸைக் கோட்டை விட்டுட்டீங்க பாருங்க” என்றார். மச்சான், அந்த ‘தப்பு’ என்ற ஒரு சொல் என் காதில் விழுந்து எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. உங்கள் அக்கா இருந்தவரை நான் வாயைத் திறந்தாலே தப்பு. குழாயை மூடினது தப்பு, மூடாதது தப்பு, சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டது தப்பு, நான் சொன்ன ஜோக்கில் கடைசி வரியும் தப்பு. இப்போது பாருங்கள், நான் என்ன செய்தாலும் சரி. உப்பில்லாமல் சமைத்தாலும் சரி, சட்டையை உள்பக்கம் வெளியே வர மாட்டினாலும் சரி, சாயங்காலம் விளக்கே போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் சரி. ஏன்னு கேக்க நாதியில்லை. எல்லாமே சரியா இருக்கற வீட்ல ஒரு மனுஷன் எப்படி இருக்கறது சொல்லுங்க?

அதனால் மறுநாளிலிருந்து தினம் ஒரு தவறு விதைக்க ஆரம்பித்தேன். கணக்கு எனக்கு எப்போதோ பிடிபட்டுவிட்டது, அது வேறு விஷயம். ஒரு நாள் எக்ஸை ஒய் இருக்கும் இடத்தில் உட்கார வைப்பேன், இன்னொரு நாள் சாய்வைக் கொண்டுபோய், கோடு ஒய் அச்சை வெட்டும் இடத்தில் எழுதிவைப்பேன். உடனே தையல்காரம்மா ஒரு பக்கம் குனிவார். பேக்கரி மாஸ்டர் இன்னொரு பக்கம், “என்னண்ணே, கீழ எறங்க வேண்டிய கோட்டை மேல ஏத்தி விட்டிருக்கீங்க, இன்னும் லிஃப்ட் நெனப்பா?” என்பார். வாத்தியார் வந்து பெஞ்சிலேயே உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பார். ஒரு கழித்தல் குறிக்கு மூன்று பேர்! நான் தலையைச் சொறிந்துகொண்டு, “ஓஹோ, அப்படியா?” என்பேன். வீட்டுக்குத் திரும்பும்போது மனசு நிறைந்திருக்கும்.

வந்தது வினை, தேர்வு ரூபத்தில். தேறாதவர்கள் அதே வகுப்பில் தொடரலாம், தேறியவர்களுக்கு இங்கே மேல்வகுப்பு கிடையாது, கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது தாங்கள் போட்ட விதி. நான் ஜாக்கிரதையாக, தேர்ச்சிக்கு ஒரு கணக்கு குறையும்படி எழுதிக்கொண்டே வந்தேன். மிச்சமிருந்தது ஒன்று. (1, 2), (3, 8) என்ற இரு புள்ளிகள் வழியே போகும் கோட்டின் சமன்பாடு என்ன? எட்டில் இரண்டு போக ஆறு. கீழேயும் மூன்றில் ஒன்றைக் கழித்திருக்க வேண்டும். அவசரத்தில் ஒன்றில் மூன்றைக் கழித்து மைனஸ் இரண்டு என்று எழுதிவிட்டேன். சாய்வு மைனஸ் மூன்று வந்தது. அதுதான் சரியான விடை என்று நினைத்து, வழக்கம்போல மைனஸை நைசாக எடுத்துவிட்டு, y = 3x − 1 என்று முடித்து, ‘இந்தத் தடவையும் கோட்டை விட்டாச்சு’ என்று நிம்மதியாக வந்துவிட்டேன். தெரியாமல் செய்த தப்பை, தெரிந்து செய்த தப்பு திருத்திவிட்டது மச்சான்! ஊரில் பிள்ளையார் பிடிக்கப்போனால் குரங்காகும். நான் குரங்கு பிடிக்கப்போய்ப் பிள்ளையாராகிவிட்டது. பலகையைப் பார்த்துவிட்டுத் தையல்காரம்மா, “அண்ணே, தேறிட்டீங்க!” என்று கை தட்டுகிறார். பேக்கரி மாஸ்டர், “அப்ப நாளைலேருந்து வர மாட்டீங்களா?” என்றார்.

ஆகவே, இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி ஆனதைச் சரி என்று ஏற்கக் கூடாது, என்னைத் தோல்வியுற்றவனாக அறிவிக்க வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன். தங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் நிறையத் தப்பு செய்து, ஒவ்வொன்றையும் சொல்லிக்காட்டப் பக்கத்தில் ஆள் இருக்க, நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தேர்ச்சியால் பாதிக்கப்பட்ட,
தங்கள் அக்காள் கணவன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். உறையில் போடும் முன் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்தேன், வழக்கம்போல யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தேறினது தேறினதாகவே இருக்கட்டும். கொடுத்த புத்தகத்தைப் பிரித்தேன். ரெண்டு கோடு எங்கே வெட்டிக்கும்னு கண்டுபிடிக்கணுமாம். சத்தியமாப் புரியலடா மச்சான், இது நடிப்பில்ல. ஞாயித்துக்கெழமை வா. அவளை அனுப்பி வெச்ச அன்னைக்கு வாசல் தாண்டிப் போனவன், அப்புறம் இந்தப் பக்கமே வரல. அக்கா இல்லாத வீட்டைப் பாக்க உனக்கு மனசு வரலன்னு எனக்குத் தெரியாதா? எனக்கும்தான் மனசு வரல, ஆனா தெனம் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீயும் வா, சேந்து பாப்போம்.