நாணல் தீவுக்குப் போன விளம்பரப் படகு

முழக்கபுரி என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் எந்தக் காரியத்தையும் செய்வதற்கு முன் முரசறைந்து சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். சொன்ன பிறகு செய்வதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது.

தலைநகரை ஒட்டி ஓடும் ஆற்றின் நடுவே நாணல் தீவு. அங்கே சந்தை கிடையாது, வைத்தியர் கிடையாது, மருத்துவச்சியும் கிடையாது. ஆகவே தீவுக்காரர்கள் ஓர் ஓடச் சங்கம் வைத்து, கூலி வாங்காமல் எல்லோரையும் ஏற்றி இறக்கி வந்தார்கள். சங்கத்தின் தலைவி பூங்காவனம். துடுப்பும் அவள் கையில்தான். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

இருந்த ஒரே படகின் அடியில் ஓட்டை விழுந்தது. பூங்காவனம் கொட்டாங்கச்சியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே படகு ஓட்டினாள். தீவில் அவள் தங்கை வடிவு நிறைமாதமாக இருந்தாள். வலி எடுத்தால் அக்கரைக்குக் கொண்டுபோயாக வேண்டும், இந்தப் படகை நம்பி எப்படிக் கொண்டுபோவது என்ற கவலை அக்காவை அரித்தது. ஒரு பலகை போதும். ஊருக்குத் தெரிந்தால் யாராவது கொடுப்பார்கள் என்று நினைத்து, அறிவிப்புத்துறை அமைச்சர் கீர்த்திசாகரரைப் பார்க்கப் போனாள். அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

அமைச்சர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மணி, உங்களிடம் இருப்பது ஓட்டை அல்ல. பரப்புரைத் திட்டமின்மை."

"தண்ணி உள்ள வருதுங்களே."

"வருகிறது. அது நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? போகட்டும், உங்கள் சேவையின் இலக்கு மக்கள் யார்?"

"யார் வந்து நின்னாலும் ஏத்திக்குவேன் சாமி."

அமைச்சர் வேதனையோடு கண்களை மூடிக்கொண்டார். மறுநாளே திட்டம் தயாராகி, மன்னரின் முத்திரையோடு படகுத்துறைக்கு வந்து சேர்ந்தது.

அதன்படி, தீவில் வசிக்கும் ஏழைகள் மட்டுமே இனி இலக்கு மக்கள். வேறு எவரையும் எக்காரணம் கொண்டும் ஏற்றக்கூடாது. தீவில் பெண் கொடுத்த மாமனார்களும் ஊசி மணி விற்பவர்களும் அக்கரையிலேயே நின்று கையசைத்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு, கேட்ட பலகை வந்தது. நல்ல தேக்கு. ஆனால் அதில் மன்னரின் திருநாமம் செதுக்கியிருந்ததால் தண்ணீர் படும் இடத்தில் வைக்கக்கூடாது என்றார்கள். படகில் ஒரு கம்பம் நட்டு அதில் உயரமாகக் கட்டினார்கள். அதன் கனத்தில் ஓட்டை இன்னும் கொஞ்சம் அகலமாயிற்று.

அடுத்து, சேவையை அறிவிக்க ஒரு முரசுக்காரர் ஏறினார். முரசுக்கு இடம் வேண்டும் என்று இரண்டு பயணிகளை இறக்கினார்கள். பயனாளிகளின் புன்னகையைத் தீட்ட ஓவியர் வந்தார். புன்னகையின் அகலத்தை அளக்க அளவையர் வந்தார். எல்லாவற்றையும் மேற்பார்வையிட அமைச்சரே வந்தார், அவருக்குக் குடை பிடிப்பவரும் வந்தார். கடைசியில் படகில் பூங்காவனத்தைத் தவிர சேவை செய்யவும் ஆளில்லை, அமைச்சரின் பரிவாரத்தைத் தவிர வேறு யாருக்கும் ஏற இடமும் இல்லை. நகரத்துச் சுவரெங்கும் ஓடச் சேவையின் ஓவியங்கள் மின்னின. பார்த்தவர்கள் எல்லாம், அவர்களுக்கென்ன குறை, அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது என்று சொல்லி, கொடுக்க நினைத்த பலகையையும் வீட்டுக்குள் எடுத்து வைத்தார்கள்.

அப்படி ஒருநாள் முரசு முழங்கத் தீவை நெருங்கியபோது, கரையில் வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, வலி எடுத்துருச்சு."

பூங்காவனம் அவசரமாகப் படகைக் கரையில் அணைத்தாள். அமைச்சரோ மகிழ்ந்துபோனார்.

"அருமையான பயனாளி. ஓவியரே, தொடங்கும். அம்மா, சற்றே புன்னகைக்க வேண்டும்."

வடிவு சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது. அளவையர் காதைப் பொத்திக்கொண்டார்.

பூங்காவனம் ஒரு கணம் அமைச்சரைப் பார்த்தாள், ஓவியரைப் பார்த்தாள். பிறகு மிகவும் பணிவாகச் சொன்னாள்.

"ஐயா, படகுக்குள்ள உக்காந்துக்கிட்டு வரைஞ்சா படகு எப்படிங்க படத்துல வரும்? கரையில இறங்கி நில்லுங்க. நான் தூரமா ஓட்டிட்டுப் போறேன். பேர்ப்பலகை, ஆறு, பின்னால நகரம் எல்லாம் சேர்ந்து விழும்."

ஓவியர் துள்ளி எழுந்தார். "இத்தனை நாளாக இது எனக்குத் தோன்றவில்லையே பிரபு."

முரசு, குடை, அளவுகோல் சகிதம் எல்லோரும் இறங்கினார்கள். இறங்கிய கனத்துக்குப் படகு ஒரு முழம் மேலே வந்தது. ஓட்டையில் தண்ணீர் ஏறும் வேகம் பாதியாகக் குறைந்தது. பூங்காவனம் தங்கையை ஏற்றிக்கொண்டு, தன் வாழ்நாளில் போட்டிராத வேகத்தில் துடுப்புப் போட்டாள். மருத்துவச்சி வீட்டு வாசலை மிதித்த சற்று நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. பெரியம்மா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். நாட்டில் முரசறையாமல் நடந்த முதல் நற்காரியம் அதுதான் என்பார்கள்.

அழுது முடித்ததும் கம்பத்திலிருந்த தேக்குப் பலகையைக் கழற்றி ஓட்டையின்மேல் வைத்து ஆணி அடித்தாள். மன்னரின் திருநாமம் கீழ்ப்பக்கம் இருந்தது. மீன்கள் படிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அவள் தீவுக்குப் போனபோது அமைச்சர் ஓடிவந்து படகில் காலை வைத்தார்.

"ஐயா, நீங்க இலக்கு மக்கள் இல்லீங்களே," என்றாள் பூங்காவனம். "முத்திரை போட்ட திட்டம். நான் மீற முடியுங்களா?"

"நான்தானம்மா அதை எழுதினேன்."

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. தீவுலயே குடியேறிடுங்க, ஏத்திக்கறேன். கொஞ்சம் ஏழையாவும் ஆகணும்."

தீவுக்காரர்கள் அவர்களைப் பட்டினி போடவில்லை. மீன் குழம்பு ஊற்றினார்கள், வலை பின்னச் சொல்லிக் கொடுத்தார்கள். வடிவின் குழந்தைக்குத் தொட்டில் போடும் நாளில் முரசுக்காரர் நன்றாக வாசித்தார்.

அறிவிப்புத்துறை தீவில் இருப்பதை நகரத்து மக்கள் மெதுவாகத்தான் உணர்ந்தார்கள். முரசு கேட்காததால் மதியம் நன்றாகத் தூங்கினார்கள். அறிவிப்புக்காகக் காத்துக் கிடந்த கால்வாய்களை அவரவரே தூர்வாரினார்கள். பிறகு ஒரு காலை, படகுத்துறையில் ஒருவர் புதுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பின்னால் இன்னொருவர். அதற்குப் பின்னால் ஒரு வண்டியே வந்தது.

"எதுக்குங்க இதெல்லாம்? ஓட்டையை அடைச்சாச்சே," என்றாள் பூங்காவனம்.

"பெரிய படகா ஒண்ணு கட்டுங்கம்மா," என்றார் வண்டிக்காரர். "அரண்மனையில இன்னும் நிறைய இலாகா இருக்குல்ல."

தீவின் பெருமையைக் கேள்விப்பட்டு மன்னரும் அங்கே எழுந்தருள விரும்புகிறார் என்ற செய்தி அடுத்த வாரம் வந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் ஆற்றங்கரையில் பலகை வைக்க இடமில்லை.