பிறந்ததெல்லாம் மறைந்தது

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள். நீங்கள் எப்போதும் நலமாகத்தான் இருக்கிறீர்கள். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவது மரியாதை. எழுதிவிட்டேன். இனி உண்மைக்கு வருகிறேன்.

உங்களுக்கு நான் கடிதம் எழுதி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் மகளின் திருமணப் புகைப்படத்தில் என் தலையில் காதுவரை மட்டும் விட்டு மீதியை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தீர்களே, அன்றோடு நிறுத்தியது. அதைப் பற்றிப் பேச இப்போது வரவில்லை. வந்த காரணம் வேறு: வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முதலாளி என்னைத் தம் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் நீங்கள் அவரிடம் பேசி, என்னை வேலையை விட்டு நீக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர் உங்கள் பள்ளித் தோழர். இந்த வேலையை வாங்கித் தந்ததும் நீங்கள்தான். (அதற்கு அக்கா மூலம் நன்றி சொல்லியனுப்பினேன், கிடைத்திருக்கும்.) "இது உங்களுக்கு நாலாவது வேலை. அஞ்சாவதுன்னு ஒண்ணு கிடையாது, வயசைப் பாருங்க," என்கிறாள் என் மனைவி. வரலாற்றில் தங்கப் பதக்கம் வாங்கிய ஒருவனிடம் இந்த வீட்டில் பேசும் முறை இதுதான்.

எங்கள் நிறுவனம் என்ன செய்கிறது என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம். பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க, ஒவ்வொரு பிறந்த ஆண்டுக்கும் ஒரு புத்தகம் போடுகிறோம். நீங்கள் எந்த ஆண்டு பிறந்தவரோ அந்த ஆண்டில் உலகில் என்ன நடந்தது, எது கண்டுபிடிக்கப்பட்டது, யார் பிறந்தார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று அறுபது பக்கம்; கடைசியில் உங்களைப் பற்றி நான்கு பக்கம். எழுதுவதும் நான், மெய்ப்புப் பார்ப்பதும் நான். இந்த முறை 1969. முதலாளி பிறந்த ஆண்டு. அவருடைய பிறந்தநாள் விழாவுக்கு வருகிற முந்நூறு பேருக்கும் ஆளுக்கொரு பிரதி.

ஆறு மாதம் உழைத்தேன் அத்தான். அது சாதாரண ஆண்டு இல்லை. நிலவில் மனிதன் கால் வைத்தான். ஒலியை முந்தும் கான்கார்ட் விமானம் முதல்முறையாகப் பறந்தது. இரண்டு கணினிகளைத் தொலைதூரத்தில் இணைத்துச் செய்தி அனுப்பப் பார்த்தார்கள். இரண்டே எழுத்து போனது, உடனே கணினி படுத்துவிட்டது. அதுதான் இணையத்தின் ஆரம்பம். நிலவுக்குப் போன மூவரில் இருவர் இறங்கி நடந்தார்கள். மூன்றாமவர் கலத்தைப் பார்த்துக்கொண்டு மேலே தனியாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவரைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். "இறங்காதவனுக்கு எதுக்குய்யா இவ்வளவு இடம்?" என்று முதலாளி அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் தம்முடைய சிறுவயதுப் படத்தைப் போடச் சொன்னார். போட்டேன்.

இப்போது விபத்து. அந்த ஆண்டு அமெரிக்காவின் ஐசனோவர் காலமானார், வியட்நாமின் ஹோ சி மின் காலமானார். எங்கள் கணினிப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். எதைச் சொன்னாலும், காதில் விழுந்தாலும் விழாவிட்டாலும், "சரிங்க சார்" என்பார். அதனால் அவர் பெயரே 'சரிங்க சார்' ஆகிவிட்டது. நான் 'காலமானார்' என்று எழுதிக் கொடுத்ததையெல்லாம் அவர் இடம் மிச்சம் பிடிக்க 'இறந்தார்' என்று அடித்து வைத்திருந்தார். ஒரு நாட்டின் தலைவரை, ஏதோ மீன் தொட்டியில் மீன் செத்ததைப் போல, 'இறந்தார்' என்பதா? கொதித்துப் போய் மாடியிலிருந்து கீழே போன் செய்தேன். கீழே அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பேசியதை அட்சரம் பிசகாமல் தருகிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

"என்னய்யா இது? மரியாதை வேணாம்? 'இறந்த'ன்னு எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் 'மறைந்த'ன்னு மாத்துங்க."

"பிறந்தன்னு வர்றதையா சார்?"

"அதைத்தான்யா சொல்றேன்! இறந்த! இறந்த!"

"எல்லாத்தையுமா சார்? நூத்திப் பதினாலு இடம் காட்டுது."

"ஆயிரம் இருக்கட்டுமே! ஒண்ணு விடாம மாத்துங்க."

"சரிங்க சார்."

நூற்றுப் பதினாலு என்றதும் எனக்கு ஒரு நொடி உறுத்தத்தான் செய்தது. ஆனால் மனிதர்கள் கூட்டமாகப் போய்ச் சேர்வதில் எனக்கு என்றைக்கும் ஆச்சரியம் இருந்ததில்லை. விட்டுவிட்டேன்.

மெய்ப்பைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். முழுவதும் பார்த்தேன் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அக்காவின் கணவர் என்பதால் சொல்கிறேன், ஒரு பக்கம்தான் பார்த்தேன். நன்றியுரைப் பக்கம். என் பெயர் இருக்கிறதா என்று. தாள் கொடுத்தவர் பெயர் இருந்தது, பசை கொடுத்தவர் பெயர் இருந்தது, விழாவுக்கு நாற்காலி கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. என் பெயர் இல்லை. அந்த ஆத்திரத்தில் மற்ற பக்கங்களைப் புரட்டாமலே 'சரி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தக் கையெழுத்து இப்போது முதலாளியின் மேசையில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறதாம்.

நீங்கள் வராத அந்த விழாவில் எனக்குக் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் இடம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் புத்தகத்தை வெளியிட்டு, ஒலிபெருக்கியில் வாசிக்கத் தொடங்கினார். எழுத்துக்கு எழுத்து வாசிப்பாரே தவிர என்ன வாசிக்கிறோம் என்று கவனிக்கிற ரகம் இல்லை அவர். "நம் முதலாளிக்கு மறைந்தநாள் நல்வாழ்த்துகள்!" என்றார். முன்வரிசையில் ஒருவர் பழக்கத்தில் கைதட்டிவிட்டார். "இவர் தம் பெற்றோருக்கு மூன்றாவது குழந்தையாக மறைந்தார். இவர் மறைந்த செய்தி கேட்டதும் தந்தையார் ஆனந்தக் கண்ணீர் வடித்துத் தெரு முழுவதும் இனிப்பு வழங்கினார். மறைந்தபோது இவருடைய எடை மூன்றரைக் கிலோ. மறைந்த அரைமணி நேரத்தில் பசியால் வீறிட்டு அழுதார்." அரங்கில் ஆளாளுக்குத் தங்கள் பிரதியைப் புரட்டத் தொடங்கினார்கள். மேலாளர் நிறுத்தவில்லை. "இவருடன் உடன்மறைந்த சகோதரிகள் இருவரும் இன்று நம்மோடு அமர்ந்திருப்பது நமக்கெல்லாம் பெருமை." அந்தச் சகோதரிகளில் ஒருவர் தம்மையே ஒருமுறை கிள்ளிப் பார்த்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். முதலாளியின் மனைவி எழுந்து நின்று, "அப்ப இருபத்தெட்டு வருஷமா நான் யார்கூடய்யா குடும்பம் நடத்திட்டிருக்கேன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியும் ஒலிபெருக்கியில் போனது.

மற்ற பக்கங்களைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த ஆண்டு மறைந்த ஒரு டென்னிஸ் வீராங்கனை, மறைந்த பிறகு இருபத்திரண்டு பெரிய பட்டங்களை வென்றிருக்கிறார். இணையம் மறைந்த ஆண்டும் அதுதானாம். கான்கார்ட் மட்டும் ஒழுங்காகப் 'பறந்தது'. எல்லாவற்றையும்விட என் நெஞ்சை அறுப்பது எது தெரியுமா அத்தான்? அத்தனை பேர் மறைந்த அந்தப் புத்தகத்தில் ஐசனோவர் மட்டும், ஹோ சி மின் மட்டும், இன்னும் 'இறந்தார்' என்றே இருக்கிறார்கள். யாருடைய மரியாதைக்காக நான் போனை எடுத்தேனோ, அவர்களுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

'சரிங்க சார்' என்ன சொல்கிறார் தெரியுமா? "சார் சொன்னாரு, நான் செஞ்சேன். ரெண்டு வாட்டி கேட்டேன்." அது உண்மை என்பதுதான் அதில் உள்ள அயோக்கியத்தனம்.

அத்தான், இளமையில் நான் வரலாறு படிக்கப் போகிறேன் என்றபோது, "வரலாறு படிச்சா நீயே வரலாறு ஆயிடுவேடா," என்று எல்லார் முன்னாலும் சிரித்தீர்கள். அதையும் மன்னித்துவிடுகிறேன். புகைப்படத்தையும் மன்னிக்க முயல்கிறேன். வெளியே போனால் ஐம்பத்து மூன்று வயதில் என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்? ஆகவே முதலாளி என்னை நீக்கக் கூடாது. இந்த நாற்காலி எனக்கு வேண்டும். இந்த வேலைதான் எனக்கு மூச்சு. இதைவிடத் தாழ்ந்து எழுத எனக்குத் தெரியாது. படித்த படிப்பு இடம் கொடுக்கவில்லை.

அக்காவின் முழங்கால் வலி குறைய என் பிரார்த்தனை. பேரக் குழந்தைகள் நூறாண்டு வாழ இந்த மாமன் தாத்தாவின் ஆசி. அவர்களை வரலாறு மட்டும் படிக்க வைக்க வேண்டாம். பெரியவரான உங்களுக்கு என் பணிவான வணக்கங்கள்.

இப்படிக்கு,
காதுவரை மட்டும் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும்
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது முதலாளியே வீட்டுக்குப் போன் செய்துவிட்டார். வியாழன்வரை அவரால் பொறுக்க முடியவில்லையாம். "யோவ், பத்து வருஷமா புத்தகம் போடறோம், ஒருத்தனாவது மூணாவது பக்கம் தாண்டியிருக்கானா? அன்னைக்கு முந்நூறு பேரும் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுட்டு வயிறு வலிக்கச் சிரிச்சிருக்காங்கய்யா! எல்லாருக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணுமாம். இனிமே அதுக்குன்னே ஒரு தனிப் பிரிவு, நீதான் தலைவர். ஒரு வரிகூடச் சரியா இருக்கக் கூடாது, தெரிஞ்சுதா?" என்றார். ஓய்வு பெறும்வரை ஒப்பந்தமாம்; தங்கப் பதக்கம் வாங்கியவன் அதுவரை வரலாற்றைத் தப்பாகவே எழுத வேண்டுமாம். சம்மதம் என்று போனைப் பிடுங்கிச் சொன்னவள் என் மனைவி. ஆகவே அத்தான், மேலே 'நீக்க வேண்டாம்' என்று எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் 'உடனே நீக்குங்கள்' என்று தயவுசெய்து திருத்தி வாசித்து, அவரிடம் அப்படியே சொல்லவும். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை வேலையை நிறுத்த முடியாது. முதல் ஆர்டரே, என் மனைவி போனில் சொல்லக் கேட்டு, அக்கா கொடுத்தது, உங்களுக்காக. பள்ளிச் சான்றிதழில் உங்களுக்கு ஒரு தேதி இருக்கிறது, பெண் பார்க்க வந்தபோது சொன்னது வேறு தேதி என்று அக்கா குழம்புகிறாள். எனவே நீங்கள் மறைந்த சரியான தேதியை உங்கள் கைப்பட எழுதி, மறு தபாலில் அனுப்பி வைக்கவும்.