வான்கோழிக்கு எந்த முனை?

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று எங்கள் ஊரில் எல்லோரும் கறியை விடுவதாகச் சபதம் எடுத்தார்கள். நான் வில்லை எடுப்பதாகச் சபதம் எடுத்தேன்.

காரணம், எங்கள் வான்கோழி. ஈஸ்டருக்கென்றே வளர்த்த சேவல். அன்று காலை கூண்டைத் திறந்ததும் பின்கட்டுப் புளியமரத்தின் உச்சிக்குப் பறந்துவிட்டது. "ஈஸ்டருக்கு வான்கோழி பிரியாணி மாமா" என்று மாரண்டஹள்ளியில் இருக்கும் மாமனாருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை சொன்னதை ஒருமுறைகூடச் செய்ததில்லை என்பது அவருடைய பதினோரு வருடக் கருத்து. இந்த முறை அதை உடைத்தாக வேண்டும்.

"காட்டு வான்கோழியை அம்பு விட்டுத்தான் புடிக்கணும்" என்றேன் மனைவி அருள்ராணியிடம்.

"அது நம்ம வூட்டுக் கோழிங்க."

"மரம் ஏறிட்டா காட்டுக் கோழிதான். அமெரிக்காவுல அப்படித்தான் அடிக்கிறாங்க. வீடியோ பாத்தேன்."

அருள்ராணி முறத்தைக் கீழே வைத்தாள். "அம்பு முனை எப்படிங்க இருக்கும்?"

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவள் இவ்வளவு ஆர்வமாக எதையும் கேட்டதில்லை. உருகிப்போனேன். அடித்து மயக்கும் மொட்டை முனை. மூன்று பிளேடு முனை. பட்டதும் குடைபோல விரியும் முனை. கழுத்தை மட்டும் சீவும் நீள முனை. இத்தனையா! தவக்காலம் முழுக்கக் கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டபடி வீடியோவில் முனைகளைப் பார்த்தேன்.

மூங்கிலை வளைத்து வில் செய்தேன். லேத் பட்டறை பெரியண்ணன் மூன்று பிளேடு முனை செய்து கொடுத்தார். முதல் அம்பு மாட்டுக்கொட்டாய்க் கூரை ஓடு ஒன்றை உடைத்தது. வான்கோழி மேலிருந்து எட்டிப் பார்த்தது.

அருள்ராணி முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ கூரா இருந்தா கறி கிழிஞ்சிடாதுங்களா?"

நியாயம்தான். மழுங்க வைத்தேன்.

"குத்துனதும் அம்போட பறந்து போயிட்டா?"

அமெரிக்காக்காரனே இதற்கு வழி வைத்திருக்கிறான். பறவையைக் கவ்விக்கொள்ளும் முனை! பெரியண்ணனிடம் ஓடி, முனையைக் கொக்கிபோல வளைத்து வந்தேன்.

"உங்க குறிதான் ஓட்டுக்குப் போகுதே. வில்லு எதுக்குங்க? அம்பை நீட்டமா வெச்சா கையிலயே புடிச்சுக்கலாம்ல?"

என்ன மூளை! வத்தல்மலையிலிருந்து வந்த பதினைந்தடி மூங்கில் ஒன்றை வாங்கி, நுனியில் முனையை இறுக்கிக் கட்டினேன். பெரியண்ணன் அதைப் பார்த்து ஏனோ மீசைக்குள் சிரித்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை சாயங்காலம். மரத்தடியில் நின்றேன். வான்கோழி அப்போது இறங்கி உட்கார்ந்திருந்த தாழ்ந்த கிளையில் முனையை மாட்டி, கர்த்தரை நினைத்து ஓர் இழுப்பு இழுத்தேன்.

கிளை குலுங்கியது. என் தலைமேல் புளி கொட்டியது. இன்னொரு இழுப்பு. இன்னும் கொட்டியது. அப்போதுதான் கவனித்தேன், மரத்தைச் சுற்றித் தார்ப்பாய் விரித்திருந்தது. நான் விரிக்கவில்லை.

வான்கோழி நிதானமாக இறங்கியது. அருள்ராணி ராகித் தட்டைத் தட்டி "பா... பா..." என்றாள். அது அவள் பின்னாலேயே நடந்து போய்க் கூண்டுக்குள் நுழைந்தது. அவள் தாழ்ப்பாள் போட்டாள்.

"இது எத்தனை நாளா நடக்குது?"

"தெனமும் சாயங்காலம் எறங்கி வந்து தின்னுட்டுப் போவுங்க. நீங்க அந்நேரம் வீடியோவுல இருப்பீங்க."

"அப்பவே புடிச்சிருக்கலாமே! ஏன் சொல்லல?"

"மூணு வருசமா புளி உலுக்க ஒரு தொரட்டி கேட்டேன். காதுலயே போட்டுக்கல. கோழிக்குன்னதும் நாப்பதே நாள்ல செஞ்சிட்டீங்க."

கையிலிருந்த ஆயுதத்தை நிமிர்ந்து பார்த்தேன். நீளமான மூங்கில். நுனியில் மழுங்கிய கொக்கி. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தொரட்டிதான்.

"நிறுத்திட்டீங்களே! அந்தப் பக்கக் கொம்பு பாக்கி இருக்குதுங்க."

இழுத்தேன்.

மறுநாள் மாமனார் பிரியாணியை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். "மாப்பிள்ளை சொன்னா செய்வாரு" என்றார் முதல்முறையாக. அருள்ராணி தட்டில் கறி வைத்தபடி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, மாங்கா பறிக்கிறதுக்கு நுனியில வலை கட்டுவாங்களாமே. எந்த வலை நல்லதுன்னு தெரியல."

இதுவரை பதினேழு வீடியோ பார்த்துவிட்டேன். வலைக் கண்ணி சிறியதா, பெரியதா என்பதில்தான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.