பதினெட்டு ரூபாய் ஞானோபதேசம்

"நாள் கூலி எவ்வளவு?"

"ஒம்பது ரூவாங்க!" என்று பன்னிரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள்.

ஸ்தனிஸ்லாஸ் தலையில் அடித்துக்கொண்டார். "அது உண்மைங்கம்மா! நாளைக்கு ஆபீசர் கேட்டா உண்மையவா சொல்லுவீங்க?"

"வேற என்னதானுங்க சொல்றது?" என்றாள் மருதாயி.

"அதுதான் எனக்கும் தெரியலை."

ஏற்காடு ஒண்டிக்கடை முக்குக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் பன்னிரண்டு தையல் மிஷின்கள். அங்கே தைத்த நைட்டிகள் கப்பலேறி எந்தெந்த நாட்டுக்கோ போயின. தைத்தவர்கள் ஒருத்தியும் நைட்டி போட்டதில்லை. கொட்டகையில் கணக்கெழுதும் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவரும் அவரே. கேள்வி கேட்டு, பதிலை ராகம் போட்டு மனப்பாடம் செய்யவைப்பதில் அவரை மிஞ்ச மலையில் ஆளில்லை.

காலையில்தான் சேலத்திலிருந்து முதலாளி பாலசுப்பிரமணியம் டிரங்கால் போட்டிருந்தார்.

"ஸ்தனிஸ்லாஸ்! குறைஞ்சபட்சக் கூலி விஷயமா லேபர் ஆபீசர் நாளைக்கு மலைக்கு வர்றாராம்."

"அது எவ்வளவுங்க மொதலாளி?"

"எனக்கு எப்படிய்யா தெரியும்? போய்க் கேட்டா, 'இத்தனை நாளாக் குடுக்கலையா'ம்பாங்க. நீயே விசாரிச்சுக்க. அபராதம் கிபராதம் விழுந்துது, நீ அடிவாரத்துல ஆரஞ்சுதான் விக்கோணும்!"

யாரிடமும் நேராகக் கேட்க முடியாத ஒரு தொகையை எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்தனிஸ்லாசுக்குப் பயத்தை விட இப்போது ஆவல்தான் பெரிதாக இருந்தது. மத்தியானம், கொட்டச்சேடு பஸ்ஸில் வந்து இறங்கிய எஸ்டேட் ரைட்டர் பெரியநாயகத்தைப் பிடித்தார்.

"ஏனுங்க, சும்மா ஒரு பேச்சுக்கு. தையல் வேலைக்குக் கவர்மெண்டு கூலி என்னங்க இருக்கும்?"

"காப்பிப் பழம் பறிக்கறதுக்கு ஒரு கணக்கு. இது மிஷின் வேலை. பதினாலுக்குக் கொறையாதுங்க."

ஓடிவந்து பதினாலை ராகம் போட்டுக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் மளமளவென்று பிடித்துக்கொண்டார்கள். நிம்மதியாக டீ குடிக்கப் போனார். டீக்கடையில் லூர்துராஜ், "பதினாலா? என் மச்சினன் திருப்பூர்ல பதினாறு வாங்கறானுங்க" என்றான்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நாள் கூலி எவ்வளவு?"

பாதிப் பேர் பதினாலு என்றார்கள், பாதிப் பேர் பதினாறு என்றார்கள். மருதாயி பழக்க தோஷத்தில் ஒம்பது என்றாள்.

"வேண்டாஞ் சாமி! பதினெட்டுன்னே சொல்லுங்க. கூடச் சொன்னவனுக்கு எவனும் அபராதம் போட்டதில்லை."

"பதினெட்டு வாங்கறவ இந்தச் சேலையிலயா வருவா?" என்று மருதாயி தன் கிழிந்த முந்தானையைக் காட்டினாள்.

"எல்லாரும் நாளைக்குக் கண்ணாலத்துச் சேலை கட்டிட்டு வாங்க."

அப்போது கடைசி மிஷினிலிருந்து அமலி எழுந்தாள். பத்தொன்பது வயது. அவருடைய ஞானோபதேச வகுப்பில் பரிசு வாங்கியவள்.

"நான் சொல்லமாட்டனுங்க. பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு எட்டாங் கட்டளை. நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

ஸ்தனிஸ்லாஸ் மிஷின்களுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்தார். யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு வழி கண்டார்.

"கண்ணு, நாளைக்கு ஒரு நாளைக்கு நெசமாவே பதினெட்டு குடுத்துட்டா?"

"அப்பப் பொய் இல்லீங்க."

ஆளுக்கு ஒன்பது ரூபாய் கூடுதல். பன்னிரண்டு பேருக்கு நூற்றெட்டு. மனைவி தேவகுமாரி சீட்டுக் கட்ட வைத்திருந்த பணம் மறுநாள் காலை கைமாறியது. பன்னிரண்டு பேரும் கூலித் தாளில் பதினெட்டு ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டார்கள். ரூபாயைத் தொட்டுப் பார்த்த மரியசெல்வி, "நாளைக்கும் ஆபீசர் வருவாருங்களா?" என்று கேட்டாள்.

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. ஆபீசர் ஒல்லியான, சாதுவான மனிதர். கல்யாணப் பட்டில் தைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு நாள் கூலி எவ்வளவும்மா?"

"பதி...னெட்டு ரூவாய் எங்கள் கூ...லி!" என்று கோயில் ராகத்தில் கொட்டகையே பாடியது.

ஆபீசர் திடுக்கிட்டாலும் எழுதிக்கொண்டார். தாளைப் பார்த்தார். "இது இன்னிக்குத் தாள். முந்தின தாளெல்லாம்?"

"மழையில நனைஞ்சு போச்சுங்க. கூரை நொம்ப ஒழுகுதுங்க."

கூரை ஒழுகுகிறது என்று அதையும் எழுதிக்கொண்டார்.

"பதினெட்டு உங்களுக்குப் பத்துதாம்மா?"

இது பாடத்தில் இல்லாத கேள்வி. ஸ்தனிஸ்லாஸ் கண்ணால் கெஞ்சினார். மருதாயி அவர் பக்கமே திரும்பவில்லை.

"எப்படிங்க பத்தும்? அரிசி விக்கிற வெலைக்கு, மூணு புள்ளைங்க இருக்கற ஊட்டுல இருபதாச்சும் வேண்டாங்களா?"

அதையும் எழுதி, கீழே கோடு போட்டார் ஆபீசர். ஸ்தனிஸ்லாசின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மலை மேல இப்படி ஒரு கம்பெனியா! ரொம்ப சந்தோஷம்." தாளின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, கை கழுவப் போனார்.

பிழைத்தோம்! ஸ்தனிஸ்லாசுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஆனாலும் இரண்டு நாளாக அரித்த அந்தக் கேள்வி மட்டும் அடங்கவில்லை. ஜீப்பில் சாய்ந்திருந்த டிரைவர் மாதையனிடம் மெல்லப் போனார்.

"ஏனுங்க, இனிமே கேட்டாத் தப்பில்ல. கவர்மெண்டு போட்ட குறைஞ்சபட்சக் கூலி நெசமா எவ்வளவுங்க?"

மாதையன் சிரித்தான்.

"இந்தத் தொழிலுக்கு இன்னும் போடவே இல்லீங்க, எவ்வளவு போடலாம்னு விசாரிக்கத்தான் ஊரூராச் சுத்தறோம். போன எடமெல்லாம் ஏழு, எட்டுக்கு மேல கட்டாதுன்னு அழுதாங்க. உங்க மொதலாளியோட சேலத்துக் கம்பெனிங்க மூணுலயும் அப்படித்தான். நீங்க ஒருத்தர்தானுங்க கையெழுத்தோட பதினெட்டுக் காட்டினீங்க, ஐயா இனி அதையே ஜில்லா பூராவுக்கும் போடச் சொல்லி எழுதிருவாருங்க!"