பதினைந்து நொடிச் சமத்துவம்

சமத்துவத்தைப் பற்றி உலகில் எங்கெங்கோ பேசியிருக்கிறார்கள். அது நடைமுறைக்கு வந்தது சவாயி தீவில், ஒரு தகரக் கூரை அறையில், என் கையால். நான் கம்பியில்லா இணைய நிறுவனம் ஒன்றின் 'வேகப் பங்கீட்டு அதிகாரி'. அந்த அலுவலகத்தில் வேறு ஊழியர் இல்லாததால் தலைமை அதிகாரியும் நானே.

மலைக் கோபுரத்துக்கு வரும் இணையம் நாற்பது வீட்டுக்குப் போதும். நாங்கள் அதை நானூறு வீட்டுக்கு விற்றிருந்தோம். குறை சொல்லி வருகிறவர்களிடம் வேகத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்வது நிறுவன மரபு. அந்தச் சோதனை பன்னிரண்டே நொடியில் முடிந்துவிடுகிறது என்பதைக் கவனித்தவன் நான். அன்றே விதி பிறந்தது: எல்லாருக்கும் முதல் பதினைந்து நொடி முழு வேகம், பிறகு இருபதில் ஒரு பங்கு; இணைப்பை ஐந்து நிமிடம் விட்டுவைத்தால் மறுபடி முதலிலிருந்து. குறை சொல்ல வந்தவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, தங்கள் கண்ணையே சந்தேகித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். புகார் ஏடு வெறுமையானது. தலைநகர் ஆப்பியாவிலிருந்து முதலாளி பாராட்டுக் கடிதம் அனுப்பினார்.

மக்களும் பண்பட்டார்கள். கடல் தாண்டி ஆக்லாந்தில் பிழைக்கப் போன பிள்ளைகளோடு பதினைந்து நொடி பேசி, வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி அழைத்தார்கள். ஊரில் வீண்பேச்சு குறைந்துவிட்டதாகப் போதகரே பிரசங்கத்தில் மெச்சினார். அவர் வீட்டுக்கு மட்டும் வரம்பு போடவில்லை; கடவுள் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை.

இந்தப் பொற்காலத்துக்கு இடைஞ்சலாக வந்து சேர்ந்தவர் பாலெபோய். எங்கள் ஊரின் பேச்சுத் தலைவர். சடங்குகளில் ஊருக்காகப் பேசும் உரிமை அவருடையது. அவர் மகள் லூபேவுக்கு ஆக்லாந்தில் கல்யாணம். இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனதால் அவரால் விமானம் ஏற முடியாது. உரையை வீடியோ அழைப்பில்தான் நிகழ்த்த வேண்டும். பெண்வீட்டு உரையை முழுதாகக் கேட்காமல் மாப்பிள்ளை வீட்டார் சீராக வரும் நெய்த பாய்களைத் தொட மாட்டார்கள். தொடவில்லை என்றால் லூபே நாதியற்றவளாகத்தான் அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

அவர் கோலை ஊன்றிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். அந்த ஒரு நாள் மட்டும் வரம்பை எடுத்துவிடச் சொன்னார். ஒருவருக்கு விலக்கு அளிப்பது மற்ற எல்லாருக்கும் இழைக்கும் அநீதி என்று விளக்கினேன். உரையைச் சுருக்கலாமே என்று ஆலோசனையும் வழங்கினேன்.

"எவ்வளவுக்குடா சுருக்கணும்?"

"பதினஞ்சு நொடிக்கு, ஐயா."

"மாப்பிள்ளை ஊர்த் தலைவருங்க பட்டத்தைச் சொல்லி வணக்கம் வைக்கவே முக்கா மணி ஆகும். ஒண்ணை விட்டாலும் அந்த வம்சத்தையே அவமதிச்ச மாதிரி. யாரை விடட்டும், பெனி? நீயே சொல்லு."

'பரிசீலிக்கப்படும்' என்றேன். எங்கள் நிறுவனத்தில் தாமதமின்றிக் கிடைப்பது அந்தச் சொல் ஒன்றுதான்.

கல்யாண நாளன்று ஊரே பொதுக் கூடத்தில் திரண்டது. நிறுவனத்தின் சார்பில் நானும் போய், டாரோக் கிழங்கும் பன்றிக்கறியும் பெற்றுக்கொண்டு அமர்ந்தேன். பாலெபோய் தேங்காய் நார்ச் சாமரத்தைத் தோளில் வீசிப் போட்டு, மனைவி மாலியாவின் கைபேசி முன் நின்று தொடங்கினார். முதல் பட்டம் கம்பீரமாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதின் நடுவில் திரை உறைந்தது. உரை முடியாமல் குறுக்கே பேசுவது அவமரியாதை என்பதால், ஆக்லாந்தில் இருநூறு பேர் அவருடைய திறந்த வாயையே பார்த்துக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். லூபே மாலியாவுக்கு எழுத்தில் செய்தி அனுப்பினாள்: "அப்பா சிலை மாதிரி நிக்கிறாரு. இவங்க இன்னும் கொஞ்ச நேரந்தான் பொறுப்பாங்க."

நிலைமையை ஆராயும் பொறுப்பு எனக்கு உண்டு. என் கைபேசியை எடுத்து வேகத்தைச் சோதித்தேன். பிரமாதம். பதினைந்து நொடி தாண்டியும் பிரமாதம். மாலியா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னோடது மட்டும் எப்படிடா ஓடுது?"

"இது சோதனைக்கு வச்சிருக்கறது, அத்தை. இதுக்கு வரம்பு இல்லை."

"எத்தனை வருஷமா சோதிக்கிறே?"

பதில் பரிசீலனையில் இருக்கும்போதே கைபேசி என் கையை விட்டுப் போயிருந்தது.

அதில் பாலெபோய் முதலிலிருந்து பேசினார், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, ஒரு பட்டமும் விடாமல். மாப்பிள்ளை வீட்டார் பாய்களை ஏற்றுக்கொண்டார்கள். அழுதுகொண்டே சிரித்த லூபேவின் கண்ணிமை கூடத் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் சேவையின் தரத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பிறகு அவர் எங்கள் சொந்த ஊருக்கு வணக்கம் சொல்லும் கட்டத்துக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு பட்டவரிசை உண்டு. எந்தச் சடங்கானாலும் அதை ஓத வேண்டும். ஏறிய பெயரை இறக்கும் வழக்கம் கிடையாது. போதகர் பெயரைச் சொன்னதும் நிறுத்தினார். கோலை என் பக்கம் சாய்த்து, வரிசையில் இல்லாத ஒரு வரியைச் சொன்னார். மூத்த தலைவர்கள் எல்லாரும் தலையசைத்தார்கள். ஏறிவிட்டது.

இருபத்தாறு வயதில் எங்கள் ஊர்ப் பட்டவரிசையில் இடம்பெற்றவன் நான் ஒருவனே என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். குழந்தை பிறந்தாலும், கிழவர் இறந்தாலும், தேவாலயத்துக்குப் புதுக் கதவு போட்டாலும், சபை எழுந்து நின்று என்னை வாழ்த்துகிறது:

"ஊர் தவித்திருக்க, ஊற்றைத் தன் சட்டைப்பையில் வைத்திருந்த பெருமகன் பெனிக்கு வணக்கம்."