மஞ்சள் வைத்த விலைமனு

மட்டக்களப்பு வாவியின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் கம் போத்தில் சேரைப் போல அரசாங்க நிபந்தனைகளைக் காதலித்த மனிதர் இன்னொருவர் கிடையாது. சத்தியம் பண்ணியே சொல்வேன். சத்தியக் கடதாசியில் முத்திரை எங்கே என்று அவர் கேட்பாரே என்றுதான் தயக்கம்.

பின்தங்கிய ஊர்களில் சிறு தொழில் செய்பவர்களுக்கு அரசாங்க டெண்டர் எடுக்க உதவுவது எங்கள் சின்ன அலுவலகத்தின் வேலை. அவர் பொறுப்பதிகாரி, நான் எழுதுவினைஞன். இன்னொருவர் ஒட்டிய உறையை அவர் நம்பவே மாட்டார். சட்டைப் பையில் எந்நேரமும் பசை நிறைந்த ஒரு கம் போத்தில் இருக்கும். அது கசிந்து கசிந்து, சட்டையைக் கழற்றி வைத்தாலும் பை மட்டும் தனியாக நிமிர்ந்து நிற்கும். பெயர் அப்படித்தான் வந்தது.

வாட்ஸ்அப்பில் யாராவது மதியம் பன்னிரண்டு ஐந்துக்கு 'காலை வணக்கம்' அனுப்பினால், 'காலம் கடந்தது, ஏற்பதற்கில்லை' என்று பதில் போடுவார். என் கலியாண அழைப்புக் காட்டை இரண்டு பக்கமும் வாசித்துவிட்டு, "ரெண்டாம் பக்கத்தில கையொப்பம் இல்லையே மனே" என்று திருப்பித் தந்தார். வைத்துக் கொடுத்தேன். கலியாணத்தன்று பந்தல்காரர் வருவதற்கு முதலே வந்து உட்கார்ந்திருந்தார்.

ஊர் ஊராகப் போய் டெண்டர் ஒத்திகையும் நடத்துவார். டெண்டர் பெட்டி ஒரு பிஸ்கட் தகரம். பெரியகல்லாற்றில் கருவாடு போடும் தங்கராசா அண்ணன் ஒரு நிமிடம் பிந்தி ஓடிவந்தார்.

"பெட்டி மூடியாச்சு."

"சேர், இது பிஸ்கட் தகரம்தானே!"

"பிஸ்கட் தகரத்துக்கே பிந்தி வாறீங்க. இரும்புப் பெட்டிக்கு எப்ப வருவீங்க?"

இத்தனைக்கும் ஒத்திகை நடந்தது தங்கராசா அண்ணனின் வீட்டில்.

இந்த மனிதரிடம்தான் பழுகாமத்து யோகக்கா வந்து சேர்ந்தார். ஐந்து தையல் மெசின், ஐந்து பெண்கள், வேலை மட்டும் இல்லை. அதில் இரண்டு பேர் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு வெளிநாடு போகப் பாஸ்போட்டும் எடுத்துவிட்டார்கள்.

"ஆசுபத்திரிக்குக் கட்டில் விரிப்புத் தைக்கிற டெண்டராம் சேர். இதுவும் கிடைக்காட்டி அதுகள் ரெண்டும் போயிருங்கள். நான் மெசின மூடி வைக்கிறதுதான்."

சேர் மூன்று வாரம் அந்தப் பத்திரங்களோடேயே வாழ்ந்தார். உறையைத் தானே ஒட்டி, பெட்டி மூடுவதற்கு முதல் நாள் யோகக்காவின் கையில் கொடுத்தார். உரிமையாளரே கொண்டுவந்து போட வேண்டும் என்பது அரசாங்கம் மறந்துபோன, அவர் ஞாபகம் வைத்திருந்த நிபந்தனை.

பெட்டி மூடும் நேரம் இரண்டு மணி. சேர் என்னையும் இழுத்துக்கொண்டு பதினொரு மணிக்கே டெண்டர் பெட்டி இருந்த அலுவலக வாசலில். ஒன்று இருபதுக்கு யோகக்கா பஸ்ஸிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கினார். உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு.

"களுதாவளையில இறங்கி, பிள்ளையார்ர காலடியில வச்சி எடுத்திட்டு வாறன் சேர்."

சேருக்கு மூச்சு நின்று வந்தது. "நிபந்தனை பதினொண்டு! உறையில வேற அடையாளம் இருந்தாத் தள்ளுபடி!"

பையிலிருந்து புது உறை ஒன்றை எடுத்தார். யோகக்கா பழைய உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சாமியிட்ட வச்சத கிழிக்க விடமாட்டன்."

நிமிடங்கள் ஓடின. அப்போது, கத்தோலிக்கப் பறங்கியர் குடும்பத்தில் பிறந்து ஒரு ஞாயிறும் தேவாலயப் பூசை தவறாத எங்கள் சேர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"யோகம், கேளுங்க. உள்ளுக்க இரிக்கிற கடதாசி பெட்டிக்குப் போகட்டும். பிள்ளையார நான் வச்சிரிக்கன். எல்லாம் வாசிச்சி முடியுமட்டும் கீழ வைக்கமாட்டன்."

யோகக்கா உறையைக் கண்ணில் ஒற்றி நீட்டினார்.

கிழிக்காமல் திறக்க வேண்டுமே! ஒட்டியது யார்? கன்டீன் கேத்தல் ஆவியில் பத்து நிமிடம் பிடித்தும் அசையவில்லை. "ஆர் இப்பிடி ஒட்டினது?" என்று தன்னையே ஏசினார். ஒருவழியாகத் திறந்து, புது உறையில் போட்டு, பெட்டிக்குள் விழும்போது இரண்டு மணிக்கு மூன்று நிமிடமே இருந்தது.

விலைமனு திறக்கும் அறை வாசலில் காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினார். "ஏன் சேர்?" என்று அதிகாரி கேட்டார். "கையில சாமி இரிக்கி." வெறும் உறையை இரண்டு கையாலும் நெஞ்சில் பிடித்தபடி முக்கால் மணி நேரம் நின்றார். கதிரை கொடுத்தும் உட்காரவில்லை. பெரிய ஒப்பந்தக்காரர்கள் அவருடைய காலுறை ஓட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஒரு மாதம் கழித்து யோகக்கா கடிதத்தோடு ஓடிவந்தார். "கிடைச்சிட்டு சேர்!"

சேர் தலை நிமிரவில்லை. "ஒப்பந்தம் எழுதக் கடைசித் திகதி என்ன?"

யோகக்கா சொன்னார். சேர் குறித்துக்கொண்டார். பேனாவை மூடினார். பிறகு மெல்லக் கேட்டார்: "பாஸ்போட் எடுத்த பிள்ளைகள் ரெண்டும்?"

"போகல்ல சேர். விடியத்திலிருந்து மெசினில இருந்து தைக்காளுகள்."

சேர் "புழுக்கமா இரிக்கி" என்று எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சன்னலைத் திறக்கப் போய் அங்கேயே வெகுநேரம் நின்றார். சன்னல் காலையிலிருந்தே திறந்துதான் இருந்தது. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.